விபத்தே இல்லாமல் வரும் காய்ச்சல்

அமெரிக்க நுண்ணுயிரியல் விஞ்ஞானி அலிஸ் இவான்ஸ் 1922-ல் காய்ச்சலில் படுத்தார். எந்தக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தாரோ, அதே கிருமிதான் காரணம். காய்ச்சல் வரும், போகும். உடம்பெல்லாம் வலிக்கும். சில மாதங்கள் நன்றாக இருப்பார், மறுபடியும் படுத்துவிடுவார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே போயின. ஆரம்பத்தில் அவரைப் பார்த்த டாக்டர்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்றார்கள். நோய் உடம்பில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி அது. பல ஆண்டுகள் கழித்து அவர் உடம்பிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

அவரை நம்பாமல் போனது அது முதல் தடவையல்ல. மத்தியதரைக் கடல் தீவான மால்டாவில் ஆடுகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றிய 'மால்டா காய்ச்சல்' கிருமியும், பசுக்களைக் கன்று வீசச் செய்யும் கிருமியும் நெருங்கிய உறவினர்கள் என்று 1918-ல் அவர் எழுதினார். காய்ச்சாத பசும்பால் மனிதருக்கும் ஆபத்தாக இருக்கலாம் என்பது அதன் பொருள். டாக்டர் பட்டம் பெறாத ஒரு பெண் சொன்னதைப் பெரிய விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அவர் சொன்னது சரி என்று நிரூபித்தன. 1928-ல் அமெரிக்க பாக்டீரியா ஆய்வாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அந்த மரியாதை கிடைத்தபோதும் நோய் அவரை விட்டிருக்கவில்லை.

அந்த நோயின் பெயர் புருசெல்லோசிஸ். நம் கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்பார்கள். 1887-ல் மால்டாவில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரின் மண்ணீரலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தவர் ராணுவ டாக்டர் டேவிட் புரூஸ். கிருமிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அது ஆட்டுப்பாலில் இருப்பதை 1905-ல் கண்டுபிடித்தவர் மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்டோகிளஸ் சாமிட். சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. இந்த நோயின் சரித்திரத்தில் சான்று கிடைத்த கையோடு நடவடிக்கை எடுத்த நிகழ்ச்சிகள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

கிராமத்தில் இந்த நோய் பச்சைப்பால் வழியாக வரும். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கும்போதும் வரும். சோதனைக்கூடத்தில் வரும் வழி வேறு. அங்கே அது மூச்சில் வருகிறது. பத்திலிருந்து நூறு கிருமிகள் நுரையீரலுக்குள் போனாலே போதும். அதற்குப் பெரிய கசிவு எதுவும் தேவையில்லை. ஒரு மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் எழும் நுண்துளிகளே போதும். கிருமி உள்ளே போனதும் நோய் வெளிப்படுவதில்லை. சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரமாகும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குள் அந்த மூடியைத் திறந்த நாளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. சோதனைக்கூடங்களில் தொற்றிய நோய்களைப் பல ஆண்டுகள் திரட்டிய அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பைக், 1976-ல் 3,921 சம்பவங்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். பட்டியலில் முதலிடம் புருசெல்லோசிஸுக்கு. ஆனால் அந்தத் தொகுப்பின் முக்கியமான செய்தி அதுவல்ல. குப்பி உடைந்தது, ஊசி குத்தியது, திரவம் தெறித்தது என்று சுட்டிக்காட்டக் கூடிய விபத்தால் வந்தவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் வழக்கமான வேலையை வழக்கம் போலச் செய்தவர்கள். 'அந்தக் கிருமியோடு வேலை பார்த்தார்' என்பதைத் தவிர அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

சோதனைக்கூடப் பாதுகாப்பைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதற்கு நேரெதிரான செய்தி இது. விபத்தைத் தடுத்தால் போதும், கவனமாக இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறோம். பைக்கின் பட்டியலில் இருந்தவர்களில் கவனமானவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களை வீழ்த்தியது கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. தவறு என்றே யாரும் நினைக்காத பழக்கங்கள்தான் வீழ்த்தின.

அந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் உயிரியல் ஆயுத ஆராய்ச்சி 1969 வரை நடந்த ஃபோர்ட் டெட்ரிக்கில் ஆர்னால்டு வெடம் என்பவர் பாதுகாப்புப் பிரிவை நடத்தினார். எந்த வேலையைச் செய்யும்போது எவ்வளவு கிருமி காற்றில் கலக்கிறது என்று காற்றைப் பிடித்துக் கணக்கிட்டார்கள். பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதி வெளியேற்றுவது, வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜை நின்ற உடனே திறப்பது, ஊசியிலிருந்து காற்றுக் குமிழியை வெளியே தள்ளுவது, கிருமி ஒட்டிய கம்பி வளையத்தை ஈரத்தோடு நெருப்பில் காட்டுவது எல்லாமே நுண்துளிகளைக் கிளப்புபவை. மனிதனைக் கொல்லும் வழியைத் தேடிய இடத்திலிருந்து சோதனைக்கூட ஊழியர்களைக் காப்பாற்றும் அறிவு வந்தது ஒரு விசித்திரம். வாயால் உறிஞ்சிப் பிப்பெட்டை நிரப்பும் பழக்கம் இன்று எங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது மாணவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட வித்தை.

எல்லாக் கேள்விக்கும் அளவுகோல் பதில் தருவதில்லை. 1938-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் 45 பேருக்கு புருசெல்லோசிஸ் வந்தது. ஒரு மாணவர் இறந்தார். கிருமியை ஆராய்ந்த கூடம் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நோய் வந்தவர்களில் பலர் அங்கே காலடி வைக்காதவர்கள், மேல் மாடிகளில் வேறு பாடம் படித்தவர்கள். குடிநீர்க் குழாயில் கிருமி பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் கலந்தது என்றது ஒரு தரப்பு. காற்றில்தான் மேலே போனது என்றது மறு தரப்பு. தண்ணீர் என்றால் குழாயைச் சரிசெய்தால் போதும். காற்று என்றால் திறந்த மேஜையில் நடக்கும் வேலை முழுவதையும் மாற்ற வேண்டும். பதில் தெரியாதபோது இரண்டையுமே செய்வதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலான இடங்களில் செலவு குறைந்ததை மட்டும் செய்துவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி நிலையங்களின் பிரச்னை என்று தோன்றலாம். உண்மையில் இந்தக் கிருமியை அடிக்கடி சந்திப்பது சாதாரண மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி பிரிவு. முழு உடுப்பும் தனிக் காற்றோட்டமும் உள்ள கூடத்தில் வேலை செய்கிறவருக்குக் கையில் இருப்பது என்னவென்று தெரியும். மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில் இருக்கும் லேப் டெக்னீஷியனுக்குத் தெரியாது. அவருக்கு வருவது ஒரு ரத்தப் புட்டியும் ஒரு துண்டுச் சீட்டும். சீட்டில் 'காரணம் புரியாத காய்ச்சல்' என்று இருக்கும். நோயாளி பால் வியாபாரியா, ஆடு மேய்ப்பவரா, கசாப்புக் கடையில் வேலை செய்கிறாரா என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்கலாம். சீட்டில் அது இருப்பதில்லை.

புருசெல்லா மெதுவாக வளரும். தட்டில் ஊசிமுனை அளவுப் புள்ளிகளாகத் தெரிய இரண்டு மூன்று நாளாகும். இதற்குள் தட்டு பல கைகள் மாறியிருக்கும். சில கிருமிகளுக்குத் தனி வாசனை உண்டு; அதனால் தட்டின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது பழைய தலைமுறை நிபுணர்களின் கைவந்த கலை. அனுபவத்தின் அடையாளமாக அதைப் பெருமையோடு செய்து காட்டியவர்கள் உண்டு. புருசெல்லா விஷயத்தில் அது கிருமியைத் தேடிப் போய் மூச்சில் இழுப்பதற்குச் சமம். தானியங்கிக் கருவியை நம்பினாலும் சிக்கல் தீராது. சில கருவிகள் இதை அவ்வளவு ஆபத்தில்லாத வேறு கிருமி என்று தவறாக அடையாளம் காட்டிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. 'பயமில்லை' என்று கருவி சொன்ன பிறகு மேஜையில் வைத்து இன்னும் நாலு சோதனை செய்வார்கள்.

1991-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, அமெரிக்காவில் ஒரு சாதாரண மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் எட்டு ஊழியர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பதிவு செய்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் கொட்டவில்லை. உறைநிலையில் சேமித்து வைத்திருந்த ஒரு மாதிரியை வெளியே எடுத்து, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைக்காமல் புதிய தட்டில் வளர்த்திருந்தார்கள். அவ்வளவுதான்.

இங்கே தேவைப்படும் பாதுகாப்பு கோடி ரூபாய்க் கட்டிடம் அல்ல. 'மாட்டோடு பழகுகிறவர், புருசெல்லா சந்தேகம்' என்று டாக்டர் சீட்டில் எழுதும் ஒரு வரி. அடையாளம் தெரியாமல் மெதுவாக வளரும் எதையும் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே திறப்பது என்ற ஒரு வழக்கம். எந்தத் தட்டையும் முகர்வதில்லை என்ற ஒரு தடை. இவை மூன்றும் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து கிடைத்தவை.

விதிமுறை இருந்தாலும் அது எதன் அடிப்படையில் வந்தது என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடைப்பான் நோய்க் கிருமி உதாரணம். 2001-ல் அமெரிக்காவில் தபாலில் அடைப்பான் பொடி அனுப்பப்பட்டதை அடுத்து அங்குள்ள கூடங்களில் மாதிரிகள் குவிந்தன. 2002-ல் டெக்சாஸில் ஒரு கூடத்தின் ஊழியருக்குத் தோலில் அடைப்பான் வந்தது. குப்பிகளின் வெளிப்புறத்தை ஆல்கஹாலால் சுத்தம் செய்திருந்தார்கள். அவர் கையுறை இல்லாமல் அவற்றை எடுத்து வைத்தார். சவரம் செய்தபோது ஏற்பட்ட காயம் ஒன்று அவர் முகத்தில் இருந்தது. அடைப்பான் கிருமி வித்தாக உறங்கும் நிலையில் ஆல்கஹால் அதை எதுவும் செய்யாது. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். சுத்தம் செய்ததாக எல்லோரும் மனதார நம்பியிருந்தார்கள்.

2014 ஜூனில் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலேயே இது வேறு வடிவில் நடந்தது. மற்றவர்களுக்கு விதிமுறை வகுத்துத் தரும் அமைப்பு அது. ஒரு ரசாயன முறையால் அடைப்பான் கிருமியைக் கொன்றுவிட்டதாகக் கருதி, குறைந்த பாதுகாப்புள்ள கூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். இருபத்து நாலு மணி நேரம் தட்டில் எதுவும் வளரவில்லை என்பதே அவர்கள் வைத்திருந்த சான்று. தட்டுகளை அழிக்க எடுத்துப் போனபோது ஆட்டோகிளேவின் கதவு திறக்கவில்லை. அதனால் திரும்பவும் பழைய இடத்தில் வைத்தார்கள். எட்டாம் நாள் பார்த்தால் தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் மருத்துவக் கண்காணிப்புக்குள் வந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் நோய் வரவில்லை. கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்திருந்தால், அந்த முறை போதாது என்பதே அன்று தெரிந்திருக்காது.

சீனாவின் லான்சூ நகரத்தில் அதிர்ஷ்டம் துணைக்கு வரவில்லை. கால்நடைகளுக்கு புருசெல்லா தடுப்பூசி தயாரித்த தொழிற்சாலை ஒன்று 2019 ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் 20 வரை காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. புகைபோக்கி வழியாக வெளியேறிய காற்றில் கிருமி சாகாமல் இருந்தது. காற்று வீசிய திசையில் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நவம்பர் கடைசியில் அங்கே மாணவர்களிடம் தொற்று தெரியவந்தது. டிசம்பர் கடைசிக்குள் அந்த நிலையத்தில் மட்டும் 181 பேர். 2020 செப்டம்பரில் அதிகாரிகள் அறிவித்த கணக்கு 3,245. நவம்பரில் அது ஆறாயிரத்தைத் தாண்டியது. ஒரு டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த தேதியை யாரும் பார்க்காததன் விலை இது. அதே நாட்டில், ஹார்பின் நகரத்தின் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2010 டிசம்பரில் சோதனை வகுப்புக்கு வாங்கிய நாலு ஆடுகளுக்கு நோயில்லை என்ற சான்றிதழ் இல்லை. 27 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் நோய்வாய்ப்பட்டார்கள்.

இத்தனையும் நடந்த பிறகு இயல்பாக வரும் யோசனை, எல்லாவற்றையும் இன்னும் இறுக்க வேண்டும் என்பது. இன்னொரு கையுறை, இன்னொரு கதவு, இன்னொரு கையெழுத்து. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சோதனைக்கூடப் பாதுகாப்புக் கையேட்டின் நாலாம் பதிப்பு வேறு மாதிரி யோசிக்கிறது. கிருமியின் பெயரைப் பார்த்து ஒரு படிநிலையை ஒட்டிவிடுவதற்குப் பதிலாக, எந்த வேலை, யார் செய்கிறார், எவ்வளவு கிருமி, எந்தக் கருவி என்று பார்த்து ஆபத்தை எடைபோடச் சொல்கிறது. அதற்குப் பிறகு, எந்தக் கிருமி விஷயத்தில் எந்த விதிக்குச் சான்று இருக்கிறது, எது வெறும் வழக்கம் என்று சர்வதேச நிபுணர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் புருசெல்லாவும் அடைப்பானும் உண்டு. ஏழை நாடுகளுக்கு இது சலுகை அல்ல, தேவை. பராமரிக்கப் பணமில்லாத உயர்பாதுகாப்புக் கூடத்தைவிட, வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பாதுகாப்புப் பெட்டி மேல். அந்தப் பெட்டியைக்கூட மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் உள்ளே போக வேண்டிய காற்று வெளியே வரும்.

ஆனால் எடைபோடுவதற்குத் தராசில் வைக்க ஏதாவது வேண்டும். நடந்ததைச் சொல்கிறவர்கள் இருந்தால்தான் அது கிடைக்கும். 2006-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், நுண்துளிகளை உண்டாக்கும் கருவியைச் சுத்தம் செய்த ஆராய்ச்சியாளருக்கு புருசெல்லா தொற்றியது. சட்டப்படி உடனே தெரிவித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தெரிவிக்கவில்லை. தகவல் கேட்டு வெளியார் விண்ணப்பித்ததால் மறு வருடம் விஷயம் வெளியே வந்தது. ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது, 2008-ல் பத்து லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அந்த ஒரு வருடத்தில் அதே மாதிரிக் கருவியை வேறு இடங்களிலும் சுத்தம் செய்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பதை எந்த அபராதமும் ஈடுகட்டாது.

இந்தியாவில் இந்தப் பிரச்னை சோதனைக்கூடத்தின் சுவரைத் தாண்டி மாட்டுக் கொட்டகைக்கு வந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், நாலு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு புருசெல்லா தடுப்பூசி போடுவதை இலக்காக வைத்தது. ஆண்டுக்கு 3.6 கோடி கன்றுகள். அவசியமான திட்டம்தான். மாட்டில் நோய் ஒழிந்தால்தான் மனிதரில் ஒழியும். ஆனால் 'எஸ்-19' என்ற அந்தத் தடுப்பூசி வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. கன்றுக்கு அது காவல். ஊசி தவறி விரலில் குத்தினாலோ, காற்றுக் குமிழியைத் தள்ளும்போது கண்ணில் தெறித்தாலோ மனிதருக்கு நோய். திமிறும் கன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளில் பல வீடுகள் ஏறி இறங்கும் ஊழியருக்கு, ஃபோர்ட் டெட்ரிக்கில் அளக்கப்பட்ட அதே ஆபத்துதான்.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியது தெரிந்த விஷயம். உடனே கழுவி, டாக்டரிடம் போய், டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் சாப்பிட வேண்டும். ஆறு மாதம் வரை அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அதிகம் பயன்படும் 'ஆர்பி-51' என்ற மற்றொரு தடுப்பூசிக் கிருமிக்கு ரிஃபாம்பிசின் கேட்காது, வழக்கமான ரத்தப் பரிசோதனையிலும் அது சிக்காது. ஆகவே குத்தியது எந்தத் தடுப்பூசி என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரை விலை குறைவு. கண்ணாடியும் கையுறையும் அதைவிடக் குறைவு. கிடைக்காத பொருள் இன்னொன்று: 'குத்திவிட்டது' என்று சொன்னால் திட்டு விழாது, சம்பளம் பிடிக்க மாட்டார்கள், ஒப்பந்தம் ரத்தாகாது என்ற உறுதி. தற்காலிக ஊழியர் அந்த உறுதி இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் டைபாய்டு என்றோ மலேரியா என்றோ மருந்து சாப்பிடுவார். அவரைப் பொறுத்தவரை விபத்தே நடக்கவில்லை. கணக்கிலும் நடக்காது.

தடுப்பூசிக் குப்பிகளை எடுத்துச் செல்லும் ஒவ்வொரு குளிர்பெட்டியோடும், ரத்த மாதிரிகள் வந்து சேரும் ஒவ்வொரு மேஜையிலும், யார் பெயரையும் தண்டிக்காத ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். தேதி, செய்த வேலை, நடந்தது என்ன என்ற மூன்று பத்திகள். சான்று என்று விஞ்ஞானிகள் மதிக்கும் சமாச்சாரம் அப்படித்தான் பிறக்கிறது. பைக் 3,921 பேரின் கதையைத் திரட்ட முடிந்ததும், யாரோ எங்கேயோ தங்கள் காய்ச்சலை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்ததால்தான்.